சிறிதாகிவிட்ட சட்டைக்கும் தர்மம் உண்டு

கடோபநிஷத்து ஒரு தானக் காட்சியுடன் தொடங்குகிறது. வாஜசிரவஸ் மரபில் வந்த பெரியவர் ஒருவர் தம் உடைமை அனைத்தையும் வழங்கிவிடும் வேள்வியைச் செய்கிறார். தட்சிணையாகப் பசுக்கள் ஓட்டிச் செல்லப்படுகின்றன. அருகில் நிற்கும் அவருடைய மைந்தன் நசிகேதன் அவற்றை உற்று நோக்குகிறான். அவை முதிர்ந்து தளர்ந்தவை, நீர் அருந்தவும் புல் மேயவும் வலுவிழந்தவை, பால் வற்றியவை, கன்று ஈனும் பருவத்தைக் கடந்தவை. தந்தை கொடுக்கிறார் என்பது உண்மை. தமக்கு இனிப் பயன்படாததையே கொடுக்கிறார் என்பதும் உண்மை. இத்தகைய ஈகையால் இன்பமற்ற உலகங்களே கிட்டும் என்று எண்ணிச் சிறுவனின் உள்ளம் கலங்குகிறது. அதன் பின்னரே, தன்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர் என்று அவன் தந்தையைக் கேட்பதும், யமனுடைய வாயிலில் மூன்று இரவுகள் காத்திருப்பதும், ஆத்ம வித்தையைப் பெறுவதும் நிகழ்கின்றன.

இவ்வுபநிஷத்தைப் பயில்வோர் பெரும்பாலும் யமனுடைய உபதேசத்திற்கு விரைந்துவிடுகின்றனர். தொடக்கத்தில் நிற்கும் மெலிந்த பசுக்கள் மறக்கப்படுகின்றன. இல்லறத்தாருக்கோ அப்பசுக்களே முதற்பாடம். கொடுத்தல் வேறு; கழித்துக்கட்டுதல் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதிப் பெரியவர்கள் மனநிறைவு கொண்டாலும், அருகில் நிற்கும் குழந்தைக்கு வேறுபாடு தெரிந்துவிடுகிறது.

இப்பாடத்தை ஒவ்வொரு வீட்டிலும் சோதித்துப் பார்க்க ஒரு பொருள் இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குச் சிறிதாகிவிட்ட உடைகளே அவை.

பிறந்த குழந்தையின் எடை ஓராண்டில் ஏறத்தாழ மும்மடங்காகிறது. நீளம் பாதியளவு கூடுகிறது. வேறு எந்த வயதிலும் மனித உடல் இவ்வளவு விரைந்து வளர்வதில்லை. அமெரிக்கக் கடைகளில் குழந்தை உடைகள் பிறந்த அளவு, 3 மாத அளவு, 6 மாத அளவு, 9 மாத அளவு, 12, 18, 24 மாத அளவுகள் என்று பிரிக்கப்பட்டிருக்கும். இரண்டு வயது நிறைவதற்குள் ஏழு அளவுகளை ஒரு குழந்தை கடந்துவிடுகிறது. சீமந்தத்திற்கும் பெயர்சூட்டு விழாவிற்கும் ஆண்டு நிறைவிற்கும் உறவினர் வழங்கும் உடைகளில் சில இரண்டு முறைகூட உடுத்தப்படுவதில்லை.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், நைந்த ஆடைகளை நீக்கி மனிதன் புதியவற்றை ஏற்பது போல் ஆன்மா உடல்களை நீக்கி ஏற்கிறது என்று பகவான் விளக்குகிறார். குழந்தையின் சட்டைக்கு அவ்வுவமை முழுவதும் பொருந்தாது. அச்சட்டை நையவில்லை, உடுத்தியவன் வளர்ந்துவிட்டான். சட்டைக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. ஆகவே அதை என்ன செய்வது என்ற கேள்விக்கும் பொருள் இருக்கிறது.

தமிழ்நாட்டு இல்லங்களில் இக்கேள்விக்கு வழக்கமான விடைகள் மூன்று. பீரோவின் மேல் தட்டில் மூட்டையாகக் கட்டி வைத்தல் முதலாவது. வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியிடம் கொடுத்தல் இரண்டாவது. தெருவில் கூவி வரும் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்குதல் மூன்றாவது. விற்பது என்ற சொல்லை மட்டும் பலரும் ஏற்பதில்லை. குழந்தையின் துணியை விற்கலாமா என்று கேட்ட மாத்திரத்தில் பெரியவர்களின் முகம் சுருங்கும். திருஷ்டி, தோஷம், பிள்ளை உடுத்தியதற்கு விலை பேசுவதா என்ற கூச்சம் ஆகியன எல்லாம் அச்சுருக்கத்தில் அடங்கும்.

உண்மையில் பாத்திரக்காரரிடம் நடப்பதும் விற்பனையே. ஐந்து சட்டைகளுக்கு ஓர் அடுக்கு, எட்டுக்கு ஒரு குடம் என்று வாசற்படியில் நடக்கும் பேரத்தில் நாணயம் கைமாறவில்லை என்பதொன்றே வேறுபாடு. பழைய பட்டுப் புடவையின் ஜரிகையை எடை போட்டு விற்றுக் காசாக்கிய குடும்பங்களும் தமிழ்நாட்டில் ஏராளம். அவற்றைத் தோஷம் என்று எவரும் கருதியதில்லை.

இப்போது இக்கேள்வி கடல் கடந்தும் எழுகிறது. நியூயார்க் நகரின் ஃபிளஷிங் பகுதியில் மகா வல்லப கணபதி ஆலயம் 1977-இல் குடமுழுக்குக் கண்டது. அந்நாட்களில் அங்குக் குடியேறிய இளைஞர்கள் இன்று தாத்தா பாட்டிகள். அவர்களுக்குப் பின் சென்றவர்களின் பெற்றோர், பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதப் பயணமாகச் சென்று திரும்புகின்றனர். அவ்வாறு செல்வோர் அங்கு முதன்முதலாகக் காணும் புதுமைகளுள் ஒன்று குழந்தைகளின் பழைய உடைகளை விற்றுத் தரும் கடை. கன்சைன்மென்ட் கடை என்பது அதன் பெயர்.

அக்கடையின் நடைமுறை எளியது. உடையைக் கடைக்காரர் விலைக்கு வாங்குவதில்லை. உரியவர் உடைகளைத் துவைத்து, தேய்த்து, ஹாங்கரில் மாட்டிக் கொண்டுபோய் ஒப்படைக்கிறார். கடைக்காரர் ஒவ்வொன்றையும் சோதித்து, ஏற்கத்தக்கவற்றுக்கு மட்டும் விலை குறித்து, உரியவரின் எண்ணைச் சீட்டில் எழுதித் தொங்கவிடுகிறார். விற்றால் தொகையில் ஒரு பகுதி உரியவருக்கு, எஞ்சியது கடைக்கு. உரியவருக்கு நூற்றுக்கு 40 என்பதும், பாதிக்குப் பாதி என்பதும் பரவலாகக் காணப்படும் பங்கீடுகள். 60 நாட்களோ 90 நாட்களோ காலக்கெடு உண்டு. இடையில் விற்காதவற்றின் விலை படிப்படியாகக் குறைக்கப்படும். கெடு முடிந்தும் விற்காதவை உரியவரிடம் திரும்பும், அல்லது அறப்பணி அமைப்புக்கு அனுப்பப்படும். பருவமும் பார்ப்பார்கள், குளிர்கால உடைகளைக் குளிர் தொடங்குவதற்கு முன்பே ஏற்பார்கள், மார்ச் மாதத்தில் கம்பளிக் கோட்டைக் கொண்டு சென்றால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வரவைக் கணக்கிட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. எடுத்துக்காட்டாக, ஒரு சட்டைக்கு 10 டாலர் விலை குறித்து, நூற்றுக்கு 40 பங்கு என்றால் உரியவருக்கு 4 டாலர். ஒரு மாதம் விற்காமல் நின்று விலையில் கால் பங்கு குறைந்தால், 7 டாலர் 50 சென்ட்டுக்கு விற்று, உரியவருக்கு 3 டாலர் சேரும். முப்பது உடைகளைக் கொடுத்து அனைத்தும் விற்றாலும் 90 டாலரிலிருந்து 120 டாலர் வரை கிடைக்கும். புதிதாக வாங்கிய விலையை நினைத்தால் இது மிகச் சிறு தொகை. எனினும் குடும்பங்கள் ஏன் இதைச் செய்கின்றன என்பதற்கு விடை பணக்கணக்கில் மட்டும் இல்லை.

நியூஜெர்சியில் மகன் வீட்டுக்குச் சென்றிருந்த கும்பகோணத்துப் பாட்டி ஒருவர், மருமகள் மூன்று பைகளில் பேரனின் உடைகளை அடுக்குவதைக் கண்டார். விவரம் அறிந்ததும் அவர் மனம் பதைத்தது.

"ஏம்மா, பிள்ளை போட்ட துணியைக் கடையில் வைத்து விற்பதா? நம் வீட்டில் இப்படி ஒரு வழக்கம் உண்டா? இல்லாதவர்களுக்குக் கொடுத்தால் புண்ணியமாவது சேரும்."

மருமகள் உடனே விடை கூறவில்லை. மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னர் மெல்லச் சொன்னாள்.

"அத்தை, இவனுக்கு முதல் குளிர்காலத்தில் நீலக் கோட்டு ஒன்று இருந்ததே, படத்தில் பார்த்து அழகாக இருக்கிறது என்றீர்களே, அது இந்தக் கடையில் வாங்கியதுதான். அவருக்கு வேலை போயிருந்த வருஷம் அது. உங்களிடமும் மாமாவிடமும் நாங்கள் சொல்லவில்லை. புதுக் கோட்டு வாங்கக் கையில் பணம் இல்லை. இனாமாகக் கொடுக்கும் இடங்களும் இருந்தன. போய் நிற்க மனம் வரவில்லை. இந்தக் கடையில் பன்னிரண்டு டாலர் கொடுத்து வாங்கினேன். வேண்டியதை நானே பார்த்து எடுத்தேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை."

பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு பைகளின் அருகே தாமே அமர்ந்தார். ஒவ்வோர் உடையையும் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கத் தொடங்கினார். வெள்ளைச் சட்டை ஒன்றின் கழுத்தோரத்தில் மங்கிய பால் கறை இருந்தது. மருமகளின் கண்ணுக்கு அது தப்பியிருந்தது. "இதை வைக்காதே அம்மா. கடை விளக்கில் தெரியாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறவள் மனம் வருந்துவாள்" என்று அதை எடுத்துத் தனியே போட்டார். ஆண்டு நிறைவன்று பேரன் உடுத்திய சிறிய பட்டு வேட்டியையும் எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். எஞ்சியவை கடைக்குச் சென்றன.

சிந்தித்துப் பார்த்தால் அப்பாட்டி செய்த இரண்டு செயல்களிலும் இவ்விஷயத்தின் தர்மம் அடங்கியிருக்கிறது. நினைவுக்கு உரியதை நினைவுக்கு வைத்துக்கொண்டார். விலைக்கு உரியதில் பொய் கலவாமல் பார்த்துக்கொண்டார்.

ஒருவரிடம் நம்பிப் பொருளை ஒப்படைத்தலைப் பழைய நூல்கள் நிக்ஷேபம் என்று அழைக்கின்றன. மனு தர்ம சாஸ்திரத்தின் எட்டாம் அத்தியாயம் வழக்குகளைப் பதினெட்டாகப் பகுக்கிறது. கடனைத் திருப்பித் தராமை முதலாவது, நிக்ஷேபம் இரண்டாவது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் மூன்றாம் பகுதியில் இதற்கு இடம் ஒதுக்குகிறது. பிறர் பொருளைக் கைக்கொண்டவர் அதைத் தம் பொருளைப் போலப் பேண வேண்டும் என்ற கருத்து அவ்வளவு பழையது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் இயற்றப்பட்டபோது அதன் 151-ஆம் பிரிவிலும் இக்கருத்து இடம்பெற்றது: சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளிடம் காட்டும் கவனத்தை, ஒப்படைக்கப்பட்ட பொருளிடமும் காட்ட வேண்டும்.

கன்சைன்மென்ட் கடையில் தொங்கும் சட்டை, விற்கும் வரை அதை ஒப்படைத்தவரின் பொருளே. கடைக்காரர் அதன் காவலர். விற்றபின் உரியவரின் பங்குத் தொகைக்கும் அவர் காவலரே. எனவே இங்கு மூவருக்குக் கடமை உண்டு. உரியவர் குறையை மறைக்கக் கூடாது. கடைக்காரர் விற்ற விலையை மறைக்கக் கூடாது. வாங்குபவர் உடுத்திப் பார்த்துக் கிழித்துவிட்டுச் சத்தமின்றித் திரும்ப மாட்டிச் செல்லக் கூடாது. மூவரில் ஒருவர் தவறினாலும் இழப்பு மற்ற இருவருக்கும் சேர்கிறது.

கடமை என்பது நம்பிக்கையோடு நின்றுவிடாமல் எழுத்திலும் இருத்தல் நன்று. ஒப்படைக்கும் முன் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை சில. பங்கு நூற்றுக்கு எவ்வளவு? எத்தனை நாள் கெடு? விலைக் குறைப்பு எப்போது, எவ்வளவு? விற்காதவை எங்கே செல்லும்? திருட்டோ தீயோ நேர்ந்தால் இழப்பு யாருடையது? பங்குத் தொகையை எந்நாளுக்குள் பெற்றுக்கொள்ள வேண்டும்? கொடுத்த உடைகளின் எண்ணிக்கையை எழுதி, கடைக்காரரின் கையொப்பம் பெற்று வைத்துக்கொள்வது அவரைச் சந்தேகிப்பதாகாது. கணக்கு தெளிவாக இருக்கும் இடத்தில்தான் நட்பும் நீடிக்கும். சில கடைகளில், குறித்த காலத்திற்குள் கேட்டுப் பெறாத தொகை கடையையே சேரும் என்ற நிபந்தனையும் இருக்கும். படிக்காமல் கையெழுத்திட்டுப் பின்னர் வருந்துவோர் உண்டு.

குறையை மறைக்காமை என்பதில் குழந்தையின் உயிர் தொடர்பான செய்தியும் அடங்கும். தலைமூடியுடன் கூடிய மேற்சட்டைகள் சிலவற்றில் கழுத்தையோ இடுப்பையோ சுற்றிக் கயிறு கோத்திருக்கும். சறுக்கு மரத்திலும் பள்ளிப் பேருந்தின் கதவிலும் அக்கயிறு சிக்கிக் குழந்தைகள் உயிரிழந்ததால், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் அதற்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆபத்தானவை என்று கண்டு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட பொருள்களை மீண்டும் விற்பதை 2008-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பழைய பொருள் விற்கும் கடைகளுக்கும் இத்தடை பொருந்தும். ஆகவே கயிறு இருந்தால் உருவி எடுத்துவிட வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும் பொத்தானை இறுகத் தைக்க வேண்டும். கழன்று விழுந்தால் தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். பிரஸ் பட்டன் துருப்பிடித்திருந்தாலோ ஜிப்பின் முனை உடைந்து கூர்மையாக இருந்தாலோ அவ்வுடையை விற்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். தன் குழந்தைக்கு உடுத்தத் தயங்குவதைப் பிறர் குழந்தைக்கு அனுப்பலாகாது என்பதே இதற்குரிய அளவுகோல்.

காலமும் கருதத்தக்கது. பீரோவில் கட்டி வைத்தால் உடை அப்படியே இருக்கும் என்பது தவறான எண்ணம். துவைத்தபோது தெரியாத பால் கறை, மாதங்கள் கழிந்தபின் மஞ்சளாக வெளிப்படும். இடுப்பு எலாஸ்டிக் இற்றுப்போகும். மடிப்பு விழுந்த இடத்தில் பட்டு கிழியும். இரண்டாவது குழந்தைக்கு ஆகும் என்று வைத்திருப்பது நியாயமே. அதற்கென்று ஓர் எண்ணிக்கையும் ஒரு காலமும் குறித்துக்கொள்ளலாம். குறிக்காமல் வைத்தவை பத்தாண்டு கழித்து வீடு மாறும்போது குப்பைக்குத்தான் செல்கின்றன. அந்தப் பத்தாண்டில் அவற்றை உடுத்தியிருக்கக்கூடிய குழந்தைகள் பலர்.

பிறர் உடுத்திய துணியைக் குழந்தைக்கு உடுத்துவது தோஷமாகாதா என்று ஐயுறும் அன்பர்கள், தங்கள் வீட்டு வழக்கத்தையே எண்ணிப் பார்க்கலாம். பல இல்லங்களில், பிறந்த குழந்தையை முதலில் கிடத்துவது தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்த மென்மையான துணியில்தான். புண்ணியாகவாசனம் ஆகும் வரை புதுத்துணி கூடாது என்று கருதும் குடும்பங்களும் உண்டு. பலமுறை துவைத்த பருத்தி, பச்சைக் குழந்தையின் தோலை உறுத்தாது என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

ஆலயங்களில் இக்கருத்து இன்னும் உயர்ந்த நிலையை அடைகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்களைந்த மாலை, திருமலை பிரம்மோற்சவத்திற்கும் மதுரையில் கள்ளழகரின் சித்திரைத் திருவிழாவிற்கும் எடுத்துச் செல்லப்படுகிறது. அணிந்து களைந்தது என்பதே அம்மாலையின் பெருமை. அம்மன் ஆலயங்களில் அம்பாளுக்குச் சாத்திய புடவைகள் ஏலத்திலோ நேரடி விற்பனையிலோ பக்தர்களுக்கு அளிக்கப்படுகின்றன. திருமலை தேவஸ்தானமும் காணிக்கையாக வந்த வஸ்திரங்களை ஏலத்தில் விற்கிறது. விலை கொடுத்து வாங்கிய அப்புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே பக்தர்கள் உடுத்துகின்றனர். தொகைக்கு ரசீது உண்டு. ஆலயக் கணக்கில் வரவு உண்டு. விலை குறிக்கப்பட்டதால் புனிதம் குறைந்ததாக எவரும் எண்ணுவதில்லை. சன்னிதியில் ஏற்கத்தக்க முறை, குழந்தையின் சட்டைக்கு மட்டும் எப்படி இழிவாகும்?

அப்படியாயின் தானம் வேண்டாமா என்ற கேள்வி எழும். தானம் வேண்டும், அது தானமாக இருக்க வேண்டும். கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரித்து, மரியாதையின்றியும் இகழ்ச்சியோடும் கொடுப்பதைத் தாமசம் என்று ஒதுக்குகிறது. துவைக்காத துணியை மூட்டையாகக் கட்டி, வேலைக்கு வரும் பெண்மணியின் கையில் திணித்து, அதை மாதச் சம்பள உயர்வுக்கு ஈடாக மனத்திற்குள் எழுதிக்கொள்வது எவ்வகையைச் சேரும் என்பதை அவரவரே தீர்மானிக்கலாம். அப்பெண்மணி வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாதவரிடம் கொடுப்பது, பாதியளவு சுமத்துவதே ஆகும்.

1999-இல் தில்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு, இச்சிக்கலை ஆழ்ந்து சிந்தித்தது. நகரத்து வீடுகளில் திரட்டிய உடைகளை அவ்வமைப்பு சீர்செய்து வகைப்படுத்துகிறது. கிராம மக்கள் தங்கள் ஊருக்குத் தேவையான பணியைத் தாங்களே தீர்மானித்து, கிணறு தோண்டியோ பாதை சீரமைத்தோ முடிக்கின்றனர். அவ்வுழைப்புக்கு உரிய மதிப்பாக உடைகள் வழங்கப்படுகின்றன. பெற்றவர் எவரும் இரந்து பெற்றதாக எண்ண வேண்டியதில்லை. உழைத்துப் பெற்றது அது. அன்ஷு குப்தாவுக்கு 2015-இல் ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது. பாளையங்கோட்டையில் மாவட்ட நிர்வாகம் அமைத்த 'அன்புச் சுவர்' மற்றொரு வழியைக் காட்டியது. மிகுதியாக உள்ளவர் அங்கு வைத்துச் செல்லலாம். தேவைப்படுபவர் எடுத்துச் செல்லலாம். கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.

கூஞ்ச், அன்புச் சுவர், கன்சைன்மென்ட் கடை ஆகிய மூன்றும் தோற்றத்தில் வேறானவை. மூன்றிலும் பொதுவானது, பெறுபவரின் தலை குனியாமை. குழந்தைக்குக் கோட்டு வாங்கப் போதிய பணமில்லாத தாய்க்குப் பன்னிரண்டு டாலர் கொடுக்க முடிந்தது என்பது சிறிய செய்தியன்று. அவள் அன்று வாடிக்கையாளர். நாளை அதே கடைக்கு உடை கொண்டுவரும் உரியவள். கொடுப்போர், பெறுவோர் என்று நிலையான இரு சாதிகள் அங்கு இல்லை.

நம் நகரங்களிலும் குழந்தை உடைகளை மறுவிற்பனை செய்யும் சிறு முயற்சிகள் தோன்றத் தொடங்கியுள்ளன. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் ஆலயத்தை ஒட்டிய சமூகக் கூடங்களிலும் ஆண்டுக்கு இருமுறை இதை நடத்தலாம். பொறுப்பேற்க இரண்டு மூன்று பேரும், ஒரு பதிவேடும், விலைச் சீட்டுகளும் போதும். விற்ற தொகையில் ஒரு பகுதியை அன்னதானத்திற்கோ ஊர்ப் பள்ளிக்கோ ஒதுக்குவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டால் கடையின் பங்கு என்ற கேள்வியும் எழாது. விலை மிகக் குறைவாக இருக்கட்டும். இலவசம் என்று மட்டும் எழுத வேண்டாம். பத்து ரூபாய் கொடுத்து வாங்கியவர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுத்துச் செல்வார். எதுவும் கொடுக்க இயலாதவருக்கு, பொறுப்பிலுள்ளவர் பிறர் அறியாமல் உதவும் வழி எப்போதும் உண்டு.

வீட்டில் குழந்தையையும் இதில் சேர்த்துக்கொள்வது நலம். நான்கு வயது நிரம்பிய குழந்தையிடம், இந்தச் சட்டை இனி உனக்குப் போதாது, வேறொரு தம்பி உடுத்தப் போகிறான் என்று சொல்லி அதன் கையாலேயே எடுத்து வைக்கச் செய்யலாம். ஏதேனும் ஒன்றைத் தர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அடுத்த முறை தானே எடுத்துத் தரும். வந்த தொகையில் சிறு பகுதியை அதன் உண்டியலிலும் சிறு பகுதியை ஆலய உண்டியலிலும் அதன் கையாலேயே இடச் செய்யலாம். தன் பொருள் பிறருக்குப் பயன்பட்டது, அதற்கு உரிய மதிப்பு கிடைத்தது, அம்மதிப்பிலும் பிறருக்குப் பங்கு உண்டு என்ற மூன்று செய்திகளையும் குழந்தை ஒரே நாளில் கற்றுக்கொள்கிறது.

தீபாவளிக்குப் புத்தாடை எடுக்கும் காலம், இதைச் செய்யத் தகுந்த காலம். புதிய சட்டை வீட்டுக்குள் வரும் முன்னரே பழையவற்றை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிடலாம். நினைவுக்கு ஒன்று, இரண்டாவது பிள்ளைக்குச் சில, விற்பதற்குச் சில, முழு மனத்துடன் கொடுப்பதற்குச் சில என்று பிரித்து, இவற்றில் எதற்கும் தகாததைத் தரைத் துடைப்பிற்கு வைத்துக்கொள்ளலாம். புத்தாடையின் ஓரத்தில் மஞ்சள் தடவும் அதே கை, பிறர் வீட்டுக்குச் செல்லவிருக்கும் சட்டையின் பொத்தானையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துத் தைக்கட்டும்.